ஆணியும் ஆப்பும்

கராஜ்களில் அதைப் "பின்" என்றுதான் சொல்கிறார்கள். எழுத்தில் கொண்டுவரும்போது அந்தச் சொல் இடறுகிறது. "பின் கழன்றது" என்று எழுதினால், எதற்குப் பின் எது கழன்றது என்று வாசகர் தேடத் தொடங்கிவிடுவார். ஆகவே இக்கட்டுரையில் அதை ஆணி என்றே குறிப்பிடுகிறேன். சுவரில் அடிக்கும் ஆணியல்ல. ஏறத்தாழ விரல் தடிப்பும் உள்ளங்கை நீளமும் கொண்ட உருக்கு ஆணி. இரு முனைகளிலும் புரி வெட்டப்பட்டிருக்கும். சில பழைய கார்களின் முன் சக்கரம் கீழ்ப்பக்கத்தால் காரோடு சேர்ந்திருப்பது இந்த ஓர் ஆணியின் தயவில்தான்.

எங்கள் வாப்பாவின் கார் ஓர் ஒஸ்டின் ஏ-40 பரினா. 1958இல் இங்கிலாந்தின் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையிலிருந்து வெளிவரத் தொடங்கிய வகை. இத்தாலியின் தூரின் நகரத்துப் பினின் பரினா நிறுவனம் அதன் உடலை வரைந்து கொடுத்தது. பெயரில் பரினா ஒட்டிக்கொண்டது அதனால்தான். முதலில் 948 சிசி இயந்திரம், 1962இலிருந்து 1098 சிசி. 1967இல் உற்பத்தி நின்றது. புதுமையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் மேல் உடலில்தான். அடியில் முன் சக்கரங்களைத் தாங்கும் அமைப்பு, அதற்கு முந்திய ஏ-35 என்ற குட்டிக் காரிலிருந்து வந்தது. அதே அமைப்பு ஸ்பிரைட், மிட்ஜெட் என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் போனது. அந்தக் கார்களை இன்னும் காதலிப்பவர்கள் உலகெங்கும் இருப்பதால்தான் இன்றும் புது ஆணி வார்த்துக் கடைந்து விற்கிறார்கள்.

வாப்பா அதை 1974இல் இரண்டாம் கையாக வாங்கினார். புதுக் கார் வாங்க வசதியிருந்தாலும் வாங்க முடியாத காலம் அது. 1960களின் தொடக்கத்திலேயே கார் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. 1977க்குப் பிறகுதான் கதவு திறந்து யப்பான் கார்கள் வந்து குவிந்தன. இடைப்பட்ட காலத்தில் இலங்கையில் ஓடிய கார் ஒவ்வொன்றும் ஏதோவொரு பாஸின் கைவண்ணத்தில் ஓடியதுதான். உதிரிப்பாகம் இல்லையென்றால் லேத்தில் கடைந்தார்கள். தேய்ந்ததைப் பற்றவைத்து நிரப்பி மறுபடி கடைந்தார்கள். எறிவது என்ற பேச்சே இல்லை. வெலிகமையிலிருந்து கடைச் சாமான் வாங்க வாப்பா கொழும்புக்குப் போய்வந்த அந்தக் காலத்து வீதியெல்லாம் இந்த ஒஸ்டினின் நான்கு சக்கரங்களில் கடந்தவைதான்.

ஆணி என்ன வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். முன் சக்கரம் இடமும் வலமும் திரும்புவது கிங் பின் என்ற நிமிர்ந்த தண்டில். அந்தத் தண்டின் கீழ் நுனியில் ஒரு கண் உண்டு. காரின் உடலிலிருந்து நீண்டுவரும் லோவர் ஆர்ம் ஒரு கவடு போல அந்தக் கண்ணை இரு பக்கமும் அணைத்து நிற்கும். கவட்டின் ஒரு காலில் நுழைந்து, கிங் பின்னின் கண்ணைக் கடந்து, மறு காலில் போய் இறங்குவதுதான் நமது ஆணி. கண்ணுக்குள் அது அசையக் கூடாது. அதற்காகக் குறுக்கே ஒரு சிறு ஆப்பு இறுக்கப்பட்டிருக்கும். கவட்டின் கால்களில் அது அசைய வேண்டும். சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் ஆணியின் புரிகள் ஆர்மின் புரிகளுக்குள் கொஞ்சம் திரும்பித் திரும்பி வரும். இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே அங்கே இருப்பது கிறீஸ் மட்டுமே. ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை அதைக் கட்டாயம் ஊட்ட வேண்டும் என்பது அக்காலக் கார்களின் சட்டம். வாப்பா மைலைப் பார்ப்பதில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு கிறீஸ் துப்பாக்கியோடு காருக்கடியில் படுத்துவிடுவார்.

வாப்பா 2018இல் மௌத்தானார். கார் கொட்டிலில் நின்றது. நானாவுக்கும் எனக்கும் வீட்டுப் பங்கு விடயத்தில் ஒரு மனத்தாங்கல் வந்து, மூன்றாண்டுகள் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது. எவர் பக்கம் நியாயம் என்பதை ஊர் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. இந்தக் கட்டுரைக்கு அது தேவையில்லை. காரை விற்க வேண்டுமானால் வாரிசுகள் கையொப்பமிட வேண்டும். கையொப்பத்துக்காக யார் யாரிடம் போவது? கார் நின்றது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்றது. அவ்வாண்டு ஓகஸ்டில் கியூஆர் முறை வந்தபோது ஒரு காருக்கு வாரத்துக்கு இருபது லீற்றர்தான். ஓடுகின்ற கார்களையே வீட்டில் நிறுத்திய காலத்தில் நிற்கின்ற காரை யார் நினைப்பார்? கடல் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். உப்புக்காற்று ஐந்து வருடம் அந்தக் கொட்டிலுக்குள் வந்துபோனது.

இறக்குமதி நின்றதும் பழைய கார்களின் விலை ஏறியது. 2023இல் ஒருவர் தேடி வந்தார். கலியாணங்களுக்குப் பழைய கார்களை அலங்கரித்து வாடகைக்கு விடுவது அவருடைய தொழில். "உள்ளபடியே எடுத்துக்கொள்கிறேன், ஒன்றும் செய்ய வேண்டாம்" என்றார். விலையும் மோசமில்லை. மூன்றாண்டுக்குப் பிறகு நானாவும் நானும் ஒரே கொட்டிலில் நின்றது அன்றைக்குத்தான். இருவரும் வந்தவரைப் பார்த்துப் பேசினோமே தவிர ஒருவரையொருவர் பார்த்துப் பேசவில்லை.

கையொப்பமிடுவதற்கு முன்பு ஒரு தடவை பாஸிடம் காட்டிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். வாப்பாவின் காலத்திலிருந்து அந்தக் காரைத் தொட்டவர் அவர் ஒருவர்தான். எழுபதைக் கடந்தவர். முன்பக்கத்தை ஜக்கில் தூக்கி, வலது சக்கரத்துக்குக் கீழே கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். ஆர்ம் அசைய மறுத்து முனகியது. காதைக் கொண்டுபோய் வைத்துக் கேட்டார்.

"சேர், இந்த ஆணி கல்லாப் போய் ஈக்குது. ஆணியும் ஆர்மும் இப்ப ஒரே இரும்பு."

"ஓடாதா?" என்று நானா கேட்டார்.

"ஓடும் ஹாஜியார். அதுதானே பயம். திரும்ப வேண்டிய எடத்தில திரும்பாட்டி வேற எங்கயாச்சும் தேஞ்சுதான் ஆகணும், இல்லாட்டி முறிஞ்சுதான் ஆகணும். முறிஞ்சா சில்லு உள்ளுக்கு மடிஞ்சிடும். கலியாண மாப்பிள்ளையும் பொண்ணும் ஏறப்போற வண்டி இது."

வாங்க வந்தவர் சிரித்தார். தன்னுடைய மெக்கானிக் பார்த்துக்கொள்வான் என்றார். கொட்டிலில் கொஞ்ச நேரம் எவரும் பேசவில்லை. பிறகு நானா, "ஆணியைக் கழற்றின பொறகு பேசுவோம்" என்று அவரை அனுப்பிவைத்தார். விலை கைநழுவிப் போகக்கூடும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் வியாபாரி.

இரும்பு ஏன் இப்படி இறுகுகிறது? கிறீஸ் வற்றிய இடத்தில் ஈரமும் காற்றும் புகுந்து இரும்பைத் துருவாக்குகின்றன. உப்பு அந்த வேலையை விரைவாக்கும். துரு என்பது வெறும் அழுக்கல்ல. இரும்பு இருந்த இடத்தைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரையான இடத்தை அது கேட்கும். மயிரிழை இடைவெளிக்குள் அது பெருக்கும்போது இரு பக்க இரும்பையும் நெரிக்கும். கதவு வீங்கி நிலையில் சிக்குவது போன்றது இது. கதவை உதைக்கலாம். இதை உதைக்க முடியாது.

பாஸ் முதல் மூன்று நாளும் சுத்தியலைத் தொடவில்லை. கம்பித் தூரிகையால் அந்த இடத்தைத் தேய்த்து வெளுப்பாக்கினார். பிறகு எண்ணெய். கடையில் விற்கும் டபிள்யூடி-40 தெளிப்பானை நான் வாங்கிக் கொடுத்தேன். வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார். அது 1953இல் அமெரிக்காவில் ஏவுகணை உடலைத் துருவிலிருந்து காப்பதற்காகச் செய்யப்பட்டது. நீரை விரட்டும் நாற்பதாவது சூத்திரம் என்பதுதான் அதன் பெயருக்கே பொருள். புதிதாகத் துருப்பிடிக்காமல் காக்கும். கல்லாய் இறுகியதற்குள் ஊர்ந்து போகும் வேலைக்கு வேறு திரவம் வேண்டும். பாஸ் கியர் பெட்டிக்கு ஊற்றும் மெல்லிய ஒயிலையும் அசெற்றோனையும் சரிபாதியாகக் கலந்து, காலையில் ஒரு தடவை, அஸருக்குப் பிறகு ஒரு தடவை சொட்டுச் சொட்டாக விட்டார். ஒவ்வொரு தடவையும் ஆர்மைச் சுற்றிச் சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டினார். அடிப்பதற்கல்ல, அதிர்வில் எண்ணெய் இறங்குவதற்கு.

நான்காம் நாள் வேலை தொடங்கியது. முதலில் ஆணியல்ல, ஆப்பு. ஆப்பைக் கழற்றாமல் ஆணியைத் திருப்ப முனைந்தால் ஆணிதான் முறுகும். ஆப்பிழுத்த குரங்கின் கதை நமக்கெல்லாம் தெரியும். அந்தக் கதை இங்கே அப்படியே பொருந்தும். லோவர் ஆர்முக்கு மேலே பெரியதொரு சுருள் ஸ்பிரிங் அமுங்கியபடி காத்திருக்கிறது. ஆணி வெளியே வந்த கணத்தில் ஆர்மைத் தள்ளிக்கொண்டு அது விரியப் பார்க்கும். ஆகவே ஸ்பிரிங் தட்டுக்குக் கீழே ஜக்கு, காரின் உடலுக்குக் கீழே தனியாகத் தாங்கிகள். எல்லாவற்றையும் இருமுறை அசைத்துப் பார்த்த பிறகுதான் பாஸ் உட்கார்ந்தார்.

ஆப்பின் ஒரு நுனியில் புரியும் நட்டும் உண்டு. நட்டை முழுவதும் கழற்றாமல், நுனியோடு சமமாக நிற்கும் வரை தளர்த்திவிட்டு, அதன் மேல் பித்தளைத் துண்டை வைத்து அடிக்க வேண்டும். வெறும் நுனியில் அடித்தால் அது காளான் போல விரிந்துவிடும். விரிந்தது துவாரத்தால் போகாது. இன்னொன்றும் உண்டு. அடி விழும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் கனத்த இரும்பொன்றை ஒருவர் அழுத்திப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அடியின் பலத்தில் பாதியைத் தொங்கும் சக்கர அமைப்பே விழுங்கிவிடும்.

பாஸ் அடிக்க வேண்டும். நான் பித்தளையைப் பிடிக்க வேண்டும். எதிரில் பிடிக்க ஆளில்லை. பாஸின் மகன் கட்டாருக்குப் போய்ப் பல வருடம். கொட்டில் வாசலில் நின்றிருந்த நானா சேட்டுக் கையை மடித்துக்கொண்டு வந்து, பெரிய சுத்தியலின் தலையை எதிரில் வைத்து அழுத்தினார்.

"கைய நகத்து தம்பி, எனக்கு வெளங்கல்ல" என்றார். மூன்றாண்டில் நேராக என்னிடம் சொன்ன முதல் வசனம் அது.

பத்துச் சின்ன அடியைவிட ஒரு நல்ல அடி மேல் என்பது பாஸின் கொள்கை. மூன்று அடி விழுந்தும் ஆப்பு அசையவில்லை. எண்ணெயைத் துடைத்துவிட்டுக் காஸ் விளக்கைக் கொளுத்தினார். தீயைக் காட்டியது ஆப்பில் அல்ல, அதைச் சுற்றியுள்ள இரும்பில். சூடாக்கினால் துவாரம் சுருங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். துவாரமும் இரும்போடு சேர்ந்து விரிவதுதான் உண்மை. இருபது மில்லிமீற்றர் அகலமான துவாரத்தை முந்நூறு பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடாக்கினால் ஏறத்தாழ 0.07 மில்லிமீற்றர் பெருக்கும். ஒரு தலைமுடியின் தடிப்பு. துருவின் பிடியை உடைக்க அந்த ஒரு முடி போதும். சூட்டோடு மெழுகுவர்த்தியைத் தொட்டார். மெழுகு உருகி இடுக்குக்குள் இழுபட்டுப் போனது. அடுத்த இரண்டாவது அடியில் "டிக்" என்று சத்தம் மாறியது. "வந்துட்டு" என்றார் பாஸ். எங்கள் கண்ணுக்கு எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. அவருக்குக் காது சொன்னது.

ஆணி அவ்வளவு இலேசில் விடவில்லை. அதன் முனையில் ஸ்குரூ டிறைவர் வைத்துத் திருப்புவதற்கு ஒரு வெட்டு இருக்கிறது. பெரிய ஸ்குரூ டிறைவரை வைத்து ஸ்பெனரால் நெம்பியபோது வெட்டின் ஓரம் பொரிந்து கொட்டியது. மறுபடி சூடு, மறுபடி மெழுகு, மறுபடி நெம்பு. மற்ற ஓரமும் கொட்டியது. நானாவுக்குப் பொறுமை போய்விட்டது. பெரிய சுத்தியலால் நேராக அடித்தால் என்ன என்று கேட்டார்.

"இது அடிச்சு வார ஆணி இல்ல ஹாஜியார், திருகி வார ஆணி. அடிச்சா ஆர்மிட புரியையும் இழுத்துக்கிட்டுத்தான் வரும். ஆணி போனா வாங்கலாம். ஆர்ம் போனா எங்க தேடுற? ஆணியக் குடுத்துட்டு ஆர்மக் காப்பாத்துவோம்."

சிக்கியதொன்றைக் கழற்றும் வேலையில் நான் கற்றுக்கொண்ட மிகப் பெரிய பாடம் அந்த ஒரு வசனத்தில் இருக்கிறது. இரண்டு பொருள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் இரண்டையும் முழுசாக மீட்க எப்போதும் முடியாது. எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்க முடியாது என்பதைக் கோபம் வருமுன் தீர்மானிக்க வேண்டும். கோபம் வந்த பிறகு சுத்தியல் தீர்மானித்துவிடும்.

கிங் பின்னின் கண்ணுக்கும் ஆர்மின் காலுக்கும் இடையில் வாளின் அலகு நுழையுமளவு இடைவெளி இருக்கிறது. அதற்குள் இரும்பு வாளை விட்டு ஆணியை இரு பக்கமும் அறுத்தோம். கை நீட்டி இழுக்க இடமில்லாத மூலை. நானா ஐந்து நிமிடம், நான் ஐந்து நிமிடம் என்று மாறி மாறி அறுத்தோம். மூன்று அலகு உடைந்தது. லுஹருக்கு முன் தொடங்கியது அஸருக்குக் கிட்டத்தான் முடிந்தது. கிங் பின் தனியாக வந்தது. ஆர்மின் இரு கால்களிலும் ஆணியின் இரண்டு துண்டுகள் மிஞ்சின. பாஸ் அவற்றின் நட்டநடுவில் துளையிட்டு, படிப்படியாகப் பெருப்பித்து, ஆணியை ஒரு மெல்லிய குழாயாக்கினார். நடு வெறுமையானதும் நெரித்துக்கொண்டிருந்த இறுக்கம் தளர்ந்தது. கடைசியாக ஒரு சூடு காட்டித் திருகியபோது இரண்டும் மரவட்டையைப் போலச் சுருண்டு வெளியே வந்தன. ஆர்மின் புரி பழுதில்லாமல் இருந்தது.

அதற்குப் பிறகுதான் பாஸ் ஒன்றைக் காட்டினார். ஆணிக்குக் கிறீஸ் போகும் நிப்பிளைக் கழற்றிக் கையில் வைத்து ஊதிப் பார்த்தார். காற்றுப் போகவில்லை. ஊசியால் குத்தினார். கல்லாய்க் காய்ந்த பழைய கிறீஸ் உள்ளே அடைத்துக் கிடந்தது. அதன் கீழ் ஆர்மின் துவாரமும் அப்படியே அடைந்திருந்தது.

"இது அஞ்சு வருஷத்து அடைப்பு இல்ல சேர். இருவது வருஷமாவது ஈக்கும்."

வாப்பா ஒவ்வொரு மாதமும் காருக்கடியில் படுத்துப் பாய்ச்சிய கிறீஸ் நிப்பிளின் ஓரத்தால் பிதுங்கி வெளியிலேயே நின்றிருக்கிறது. வெளியே நிறையக் கிறீஸ் தெரிந்தபடியால் உள்ளே போயிருக்கிறது என்றே எல்லோரும் நம்பினோம். கார் ஓடிய காலத்தில் ஓட்டமே புரிகளைத் துருவோடு ஒட்டவிடாமல் வைத்திருந்திருக்கிறது. நின்றதும் பிடித்துக்கொண்டது. கிறீஸ் உள்ளே போகிறதா என்பதை நிப்பிளில் பார்க்கக் கூடாது, ஆணியின் மறுபக்கத்தில் பழைய கறுப்புக் கிறீஸ் பிதுங்கி வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் பாஸ். எங்கள் இருவரில் யார் கவனிக்காததால் கார் இப்படியானது என்று ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தோம். அந்த நிப்பிளைப் பார்த்த பிறகு அந்தக் கணக்கைப் பற்றி நானா ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

புது ஆணியும் ஆப்பும் வாங்கக் கொழும்புப் பஞ்சிகாவத்தைக்கு இருவரும் ஒன்றாகத்தான் போனோம். பஸ்ஸில். ஏறி இறங்கிய நான்காவது கடையில் கிடைத்தது. பொருத்தும்போது ஆணியின் நடுவிலுள்ள பள்ளம் ஆப்பின் துவாரத்துக்கு நேராக வரும்வரை திருகி நிறுத்த வேண்டும். மயிரளவு தவறினாலும் ஆப்பு இறங்காது. அதை நானாதான் விளக்குப் பிடித்துப் பார்த்துச் சொன்னார். இடது பக்கத்து ஆணி பத்து நிமிடத்தில் திருகியபடியே கழன்று வந்தது. அந்தப் பக்கத்து நிப்பிளில் அடைப்பு இருக்கவில்லை.

இந்தக் காரின் பழுதுபார்ப்பு நூலைப் பிறகு ஒரு நண்பரிடம் வாங்கிப் பார்த்தேன். எங்களுக்கு ஐந்து நாள் எடுத்த வேலைக்கு அதில் இருப்பது ஓரிரு வரிகள்தான். ஆப்பை எடு, ஆணியைத் திருகி எடு. நூல் எழுதப்பட்டபோது கார் புதிது. ஆணி திரும்பும் என்ற நம்பிக்கையில் எழுதியிருக்கிறார்கள். திரும்பாத ஆணிக்கான நூல் பாஸ் போன்றவர்களின் காதிலும் கையிலும்தான் இருக்கிறது. 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதிக்கு மறுபடி கதவு திறந்தது. முழுப் பாகத்தையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது பூட்டும் கராஜ்கள் பெருகும். இந்தக் காதுகள் குறையும்.

முதலில் வந்தவர் வேறு கார் வாங்கிவிட்டார். இரண்டு மாதம் கழித்து மாத்தறையிலிருந்து வந்த ஒருவர், முன்னையதைவிடக் கொஞ்சம் குறைந்த விலைக்கு, எடுத்துப்போனார். நானாவும் நானும் ஒரே பேனாவால் கையொப்பமிட்டோம். பணத்தைப் பங்கிடுவதில் பிரச்சினை வரவில்லை. வீட்டுப் பங்கு விடயம் இன்னும் முடியவில்லை, ஆனால் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். வாங்கியவரிடம் சாவியோடு கிறீஸ் துப்பாக்கியையும் நானா கொடுத்தார். கொடுத்துவிட்டு, கார் ஓடத் தொடங்கிய பிறகு கண்ணாடிக்குள் குனிந்து இன்னொரு தடவை சொன்னார்:

"மறுபக்கத்தால வருதான்டு பாத்துக்கோங்க."